ஸ்டோர் கதவைத் திறக்காத வெள்ளிக்கிழமை

அப்பு,

இதை ஆபீசில் வைத்துப் படிக்காதே. அறைக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, நிதானமாகப் படி. நீளமாக இருக்கிறதே என்று நடுவில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் போடவும் செய்யாதே. போனில் சொல்ல முடிந்திருந்தால் போன செவ்வாய்க்கிழமையே சொல்லியிருப்பேன். அன்று நீ உன் கல்யாணப் பத்திரிகை யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாய். நித்யா வீட்டுப் பக்கம் யார், உன் ஆபீசில் யார், ராசிங்காபுரத்துச் சித்தப்பாவுக்கு நேரில் போய்த்தான் வைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "ஷைனி டீச்சருக்கும் அனுப்பிட்டேம்மா. நம்பர் கெடைச்சுருச்சு. கட்டாயம் வர்றேன்னு சொல்லிட்டாங்க" என்றாய். எனக்கு வாயடைத்துப் போயிற்று. எனக்கு வாயடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று இந்த ஊருக்கே தெரியும், நீதான் கவனிக்கவில்லை. "நாந்தானம்மா அன்னைக்குச் செலோவ அடுப்புப் பக்கமாச் சாச்சு வச்சுட்டேன். பத்து வருசமா அவங்க மூஞ்சில முழிக்கக் கூசிக்கிட்டே இருந்தேன். கல்யாணத்துக்கு வரும்போது கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுறப் போறேன்" என்றாய். பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

நீ யார் காலிலும் விழ வேண்டாம். அதை நீ அடுப்புப் பக்கம் வைக்கவில்லை. டீச்சர் கொடுத்த அந்தப் பெரிய பிடிலை, அந்தச் செலோவை உடைத்தது நான். இந்த ஒரு வரியை எழுதுவதற்குள் நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

இதை உனக்கு மட்டும் எழுதினால் போதாது. பழியை டீச்சர் மேல் நான் ஊரறியப் போட்டேன். டீச்சரிடம் படித்த பிள்ளைகளின் பெற்றோரும், படித்த பெரியவர்களும் சேர்ந்திருந்த வாட்ஸப் குரூப்பில் போட்டேன். அந்தக் குரூப் இன்னும் என் போனில் இருக்கிறது. நான் எழுதியதற்குக் கீழே நான்கைந்து பேர் எழுதியிருக்கிறார்கள், அதற்குப் பிறகு ஒரு காலை வணக்கம்கூட இல்லை. போன் மாற்றும்போதெல்லாம் அதுவும் கூடவே வந்துவிடுகிறது. வேறு எதையோ தேடும்போது அது மேலே வந்து நிற்கும், நான் பார்க்காததுபோல விரலைத் தள்ளிக்கொண்டு போவேன். இந்தக் கடிதத்தை அங்கேயும் போடப் போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

உன் அப்பா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. உனக்குப் பன்னிரண்டு வயது. அதற்கு முன்னால் வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை நீ. அவர் போன பிறகு கேட்டதற்குப் பதில் சொல்வாய், அவ்வளவுதான். நான் மலைமேட்டில் ஏலக்காய்த் தோட்டத்தையும், காய் உலர்த்தும் ஸ்டோரையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டு, உன்னைக் கவனிக்க நேரமில்லாமல், அதை அடக்கமான பிள்ளை என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காயை ஏலத்துக்கு இறக்கிவிட்டு உன்னை இழுத்துக்கொண்டு கீழே போடி டவுனுக்குள் நடந்தேன். உரக்கடை மாடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. படியடியில் கையால் எழுதின பலகை: 'செலோ தனி வகுப்பு. சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும்.' நீ நின்றுவிட்டாய். "ஜீப்பு கெளம்பிரும், வெரசா வாடா" என்று கத்தினேன். நீ நகரவில்லை. "அம்மா, இது காதுல கேக்கல, வயித்துக்குள்ள கேக்குது" என்றாய். நான் எதுவும் கேட்காமல் நீயாக ஒன்று சொல்லி மாதக்கணக்காகியிருந்தது. அதனால்தான் படியேறினேன், சங்கீதத்துக்காக இல்லை.

ஷைனி டீச்சர் கோட்டயம் பக்கத்துக்காரர். வீட்டுக்காரருக்கு இங்கே பேங்கில் வேலை மாற்றி வந்தது. அவருக்கு அப்போது முப்பது முப்பத்திரண்டு இருக்கும், என்னைவிடச் சின்னவர், என்னைச் சேச்சி என்றுதான் கூப்பிடுவார். ஊரில் எல்லோரும் செலோவைப் பெரிய பிடில் என்றோம், அவர் திருத்தவே மாட்டார். மாலையில் பிள்ளைகளுக்கு, ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களுக்கு. பெரியவர்கள் என்றால் ஒரு பல் டாக்டர், ரிட்டயர் ஆன ஒரு கணக்கு வாத்தியார், அப்புறம் நம் ஜீப்புக்கார முருகேசன். உன்னைச் சனிக்கிழமைதோறும் மேட்டிலிருந்து இறக்கிக் கொண்டுபோகிறவன், படியில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, "அக்கா, நானும் சேந்துட்டேன்க்கா" என்று ஒரு நாள் வந்து நின்றான். அவன் வாசித்தால் கொண்டை ஊசி வளைவில் லோடு வண்டி முதல் கியரில் ஏறுகிற மாதிரி இருக்கும். டீச்சர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "முருகேசா, நீளமா இழு, இன்னும் நீளமா" என்பார். உனக்கும் முதல் மாதம் முழுக்க அதுதான் பாடம். அடித்தந்தி ஒன்றிலேயே வில்லை நீளமாக இழுப்பது. நீ நம் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அதை இழுப்பாய், காய் எடுக்கும் பெண்கள் "தம்பிக்கு வேற பாட்டே தெரியாதாக்கா?" என்று என்னிடம் கேட்பார்கள். அவர்களை நான் திட்டுவேன். ஆனால் அந்த ஒற்றைச் சத்தத்தோடு உனக்குப் பேச்சும் திரும்பி வந்தது, அதை நான் பார்த்தேன். பார்த்தும் செய்தேன், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

பதினாறு வயதில் நீ வளர்ந்துவிட்டாய், சின்னச் செலோ முழங்காலுக்குள் அடங்கவில்லை. டீச்சர் தான் படித்த காலத்தில் வாசித்த செலோவை எடுத்துக்கொடுத்தார். அவருடைய அப்பா எங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்ததாம். "இது வெறுதே இருக்கண்டா, நீ வாசி" என்று, சும்மா கிடக்க வேண்டாமே என்று தந்தார். அதே மாதம்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சேச்சி, எனக்குத் தெரிஞ்சது தீரப்போறது. ப்ளஸ் டூ முடிஞ்சதும் இவனைச் சென்னைக்கு விடணும். நான் ஆள் சொல்லித் தரேன்" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "அதுக்கென்ன, பாப்போம் டீச்சர்" என்றேன். ஜீப்பில் ஏறியதும் முருகேசனிடம் பொரிந்து தள்ளினேன். எனக்கென்று இருப்பது ஒரு பிள்ளை, அவனைக் கூட்டிக்கொண்டுபோக இவள் யார், நாலு தந்தியைத் தடவக் கற்றுக்கொடுத்தால் பெற்றவள் ஆகிவிடுவாளா என்றெல்லாம் பேசினேன். அவன் பாவம், வளைவுக்கு வளைவு கியரை மாற்றிக்கொண்டே ஓட்டினான். உன்னிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நீ பின்சீட்டில் செலோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாய்.

அப்புறம் அந்த மழை வந்தது. ஒரு வாரம் விடாத சாரல். போடியில் வெயிலடிக்கும், நம் மேட்டில் சுவரெல்லாம் வேர்க்கும். செலோவுக்குள் ஈரம் ஏறிவிட்டது. சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மந்தமாகிவிட்டது, தந்தியை முறுக்குகிற பிருடை உப்பி இறுகித் திருகவே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டில் பிள்ளைகளும் பெரியவர்களுமாக எல்லோரும் வாசிக்கிற நாள், அதனால் அந்தச் சனிக்கிழமை வகுப்பு இல்லை. உனக்கு அழுகையே வந்துவிட்டது. டீச்சருக்குப் போன் போட்டோம். "ஒண்ணும் செய்ய வேண்டாம். துடைச்சு, காத்துப்படற இடத்துல வச்சா போதும். இங்கே கொண்டு வந்தா தானா சரியாகும். பேடிக்கண்டா" என்று தைரியம் சொன்னார். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று எனக்குத் தெளிவாகவே சொன்னார். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன்.

ஆனால் நான் ஏலக்காய்க்காரி. எங்களுக்கு ஈரம் என்றால் போதும், கை தானாக ஸ்டோருக்குத்தான் போகும். போர்வை நனைந்தால் ஸ்டோர், உன் பள்ளிக்கூடப் பை நனைந்தால் ஸ்டோர், உன் அப்பாவின் ரேடியோ ஓடையில் விழுந்தபோது அதையும் அங்கேதான் வைத்துப் பாட வைத்தார். மலைக்கு வெளியே இருந்து படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், ஸ்டோர் என்றால் நாங்கள் பச்சை ஏலக்காயைக் காயவைக்கிற அறை. வெளியே அடுப்பில் விறகு எரியும், சூடு தகரக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றிவரும், கம்பிவலைத் தட்டுகளில் காய் பரப்பியிருக்கும். முதலில் ஆவி போக விட்டுப் பிறகு கதவைச் சாத்தினால், காய் காய்ந்து முடிகிறவரை திறக்கக் கூடாது. நடுவில் குளிர்காற்று பட்டால் காயின் பச்சை நிறம் வெளுத்துவிடும். வெளுத்த காயை ஏலத்தில் வியாபாரி கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுவான். அதனால் சாத்தின கதவு சாத்தின கதவுதான், உள்ளே சாமியே கூப்பிட்டாலும் திறக்க மாட்டோம்.

வெள்ளிக்கிழமை நீ பள்ளிக்கூடம் போன பிறகு செலோவைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குள் போனேன். குழாயிலிருந்து தள்ளி, மேல்தட்டில், சாக்கு விரித்து, அதன்மேல் படுக்கவைத்தேன். இதுவரை நான் கெட்டவள் இல்லை அப்பு. சத்தியமாக, உன் அழுகையை நிறுத்தத்தான் அப்படிச் செய்தேன். சாயங்காலம் வந்து நீ வாசித்துப் பார்த்து, "எப்படிம்மா?" என்று கேட்கும்போது என்ன சொல்லலாம் என்றுகூட நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலைவரை கதவைத் திறக்கப் போவதில்லை என்பதையே மறந்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்.

மதியம் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. விறகு வெடிக்கிற சத்தம் எனக்குத் தெரியாதா? இது வேறு. முதலில் ஒரு முனகல், அப்புறம் டப்பென்று ஒன்று. அதற்குப் பிறகு தந்திகள் தாமாக அதிர்ந்து, நீ முதல் மாதம் முழுக்க இழுத்தாயே அந்த அடித்தந்தி, அதன் சத்தம் நீளமாகக் கேட்டு அடங்கியது. உள்ளே யாரோ உட்கார்ந்து வாசித்த மாதிரி இருந்தது. கதவுக்கு ஓடினேன். தாழ்ப்பாளைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே நின்றேன்.

திறக்கவில்லை. காய் வெளுத்துவிடும் என்று பயந்தேன், அதனால் திறக்கவில்லை என்றுதான் இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அதில் பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. மீதியையும் எழுதிவிடுகிறேன். தாழ்ப்பாளில் கை இருக்கும்போது என் மனசு 'போகட்டும்' என்றது. செலோ போனால் சென்னைப் பேச்சும் போகும், பிள்ளை நம்மோடு இருப்பான் என்றது. யோசித்துச் சொல்லவில்லை, ஒரு கொட்டாவி வருகிற நேரம்தான், ஆனால் தெளிவாகச் சொன்னது. நான் கையை எடுத்துவிட்டேன். அடுப்புக்குத் திரும்பி வந்து இன்னும் இரண்டு விறகைத் தள்ளினேன். அப்பு, அந்த இரண்டு விறகை நான் தள்ளியிருக்க வேண்டாம். சூடு போதுமானதாகத்தான் இருந்தது.

சாயங்காலம் நீ வந்து செலோவைக் கேட்டாய். பெட்டி மூலையில் நின்றது. "தொடச்சு உள்ள வச்சுட்டேன். தெறக்காத, மறுபடி ஈரம் ஏறிரும். ஞாயித்துக்கெழம அங்க போய்த் தெறந்துக்க" என்றேன். காலிப் பெட்டி அது. நீ அதன் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாய். மறுநாள் காலையில், நீ தூங்கிக்கொண்டிருக்கும்போதே, காய் எடுக்கக் கதவைத் திறந்தேன். காய் நல்ல பச்சையாக இருந்தது, அந்தப் பருவத்திலேயே நல்ல காய் அதுதான். செலோவின் முன்பலகை மேலிருந்து கீழ்வரை பிளந்து கிடந்தது, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, ஒட்டினதெல்லாம் விட்டுப்போயிருந்தது. அதை அப்படியே அள்ளிவந்து பெட்டிக்குள் வைத்து மூடினேன். ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் முருகேசன் பக்கத்தில் அதை நிறுத்திவைத்தோம். ஒவ்வொரு வளைவிலும் உள்ளே எதுவோ நகர்ந்து தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நீ பின்னால் உட்கார்ந்து விரலால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வந்தாய். இறங்கி முடிகிறவரைக்கும் சொல்லிவிடலாம் என்று நேரமிருந்தது. அடிவாரத்து முந்தல் செக்போஸ்ட் தாண்டினதும் சொல்லலாம் என்று நினைத்தேன், தாண்டினதும் ஊர் வந்துவிட்டது.

நீ எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறந்தாய். உன் முகத்தை நான் எழுதப் போவதில்லை, என்னால் முடியாது. டீச்சர் கீழே உட்கார்ந்து, பலகையைத் தொட்டு, தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் ஒருவேளை ஒப்புக்கொண்டிருப்பேனோ என்னவோ. சும்மாதான் பார்த்தார். எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே, அவர் வாய் திறக்குமுன் நான் திறந்துவிட்டேன். "என்னா டீச்சர், ஒட்டுப்போட்ட பழசத் தூக்கி எம்புள்ள தலையில கட்டிட்டீங்களா? ஒரு மழைக்குத் தாங்கல, இதுக்கா நாங்க மலையெறங்கி வர்றது?" என்றேன். இருபது பேர் இருந்தார்கள். அவர் பெட்டியை மூடித் தன் பக்கம் நகர்த்திவைத்துக்கொண்டார். மாலை வீட்டுக்கு வந்து அதையே குரூப்பிலும் எழுதினேன், பிள்ளைகளின் கையில் எதைக் கொடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அடுத்த வாரம் இரண்டு பிள்ளைகள் வகுப்புக்கு வராமல் நின்றன. அப்புறம் இன்னும் மூன்று. பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் அவர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்தது என்றார்கள், உண்மையாகவும் இருக்கலாம். நான் அதைப் பலமாகப் பிடித்துக்கொண்டேன்.

இதெல்லாம் டீச்சருக்குச் செய்தது. உனக்குச் செய்தது வேறு, அதுதான் என்னைத் தூங்கவிடாதது. நீ ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாய். எப்படி உடைந்தது, எப்படி உடைந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். நீ ஸ்டோர்ப் பக்கம் யோசித்துவிடக் கூடாதே என்று எனக்குப் பதற்றம். "வியாழக்கெழம எங்கடா வச்ச? அடுப்படியில சாச்சு வச்சியோ? சூடு பட்டது ரெண்டு நாள் கழிச்சுத்தான் வெடிக்குமாமே?" என்று கேட்டேன். "இல்லம்மா" என்றாய். மறுநாள், "நல்லா ரோசனை பண்ணிப் பாரு, குளிருக்கு அடுப்புக்கிட்ட ஒக்காந்து படிச்சயே, அப்ப பக்கத்துலதான இருந்துச்சு?" என்றேன். "தெரியலையே" என்றாய். நான் ஒரு தடவைகூட நீதான் என்று சொல்லவில்லை, கேள்வியாகத்தான் கேட்டேன். மூன்று நாள் கேட்டேன், நான்கு நாள் கேட்டேன். ஐந்தாம் நாள் நீயாக வந்து, "ஆமாம்மா, நாந்தான் வச்சேன். இப்ப ஞாபகம் வருது" என்றாய். அந்த ஞாபகத்தை நான்தான் செய்து உனக்குள் வைத்தேன். "சரி விடு, சின்னப்புள்ள, தெரியாமச் செஞ்சது" என்று உன் தலையைத் தடவினேன். எந்தக் கையால் தடவினேன் என்று நினைத்தால் இன்றைக்கும் அந்தக் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு நீ எதையும் வாசிக்கவில்லை. உன் இருபதாவது பிறந்தநாளுக்கு முருகேசன் அவனுடைய செலோவைத் தூக்கிக்கொண்டு வந்து, "சும்மா ஒரு இழுப்பு இழு மாப்ளே" என்றபோது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். சென்னைக்குப் போகாமல் கோயமுத்தூருக்குப் படிக்கப் போனாய், அங்கிருந்து பெங்களூருக்குப் போனாய். நான் எதற்காகத் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தேனோ அது நடக்கவே இல்லை. போக வேண்டியவன் போய்த்தான் விட்டாய், வாசிக்காமல் போனாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு அந்தச் சத்தம் நிற்கவில்லை. விறகு வெடித்தால் கேட்கும், அதனால் ஸ்டோரை மாற்றிக் கரண்டில் ஓடுகிற மிஷின் போட்டேன். ஊரில் எல்லோரும் காலத்துக்கேற்ற ஆள் என்று என்னைப் பாராட்டினார்கள். இப்போது அந்த மிஷின் ஓடி நிற்கும்போது ஒரு இழுவைச் சத்தம் வருகிறது, அடித்தந்தியேதான். மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஒரு சத்தமும் இல்லையேக்கா" என்றான். மழை விடாமல் பெய்கிற பகல் வேளையில், பழைய ஸ்டோரின் தாழ்ப்பாள் அருகே யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். யாரென்று பார்க்கப் போனால் நான்தான் போய் நின்றுகொண்டிருக்கிறேன். இரண்டு தடவை காய் எடுக்கும் பெண்கள் என்னை அங்கேயிருந்து கூட்டி வந்தார்கள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவர்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன், அவர்களைத் திட்டாதே.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் பெரிதாக இருப்பது ஒன்றுதான். நித்யாவிடம் ஏதாவது தப்புச் செய்தால் அன்றைக்கே, ஜீப்பு ஊர் போய்ச் சேருமுன்னே சொல்லிவிடு. நாளாக நாளாக அது சின்னதாகும் என்று நினைக்காதே, அது நம்மைவிட வேகமாக வளர்கிறது. அவளிடம் கோபம் இருந்தால் கோபத்தைச் சொல். கேள்வி கேட்கிற மாதிரி அவள் தலையில் எதையும் ஏற்றாதே, அந்த வித்தை எங்கிருந்து உனக்கு வரக்கூடும் என்று இப்போது தெரிந்துகொண்டாய் அல்லவா? அப்புறம் அவளுக்கு எதிலாவது மனசு போனால், அது உன்னை விட்டு அவளைக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோகிற மாதிரி இருந்தால், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்காதே.

நேற்று டீச்சருக்குப் போன் போட்டேன். நம்பரைப் பத்திரிகை கொடுக்க என்று முருகேசனிடம் வாங்கினேன். உனக்கும் அவன்தான் கொடுத்திருக்கிறான், கள்ளன், இத்தனை வருடம் அவரோடு தொடர்பில்தான் இருந்திருக்கிறான், இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பாடம் எடுத்துக்கொள்கிறானாம். நான் ஸ்டோர் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே, "சேச்சி, எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். பெட்டியைத் திறந்ததும் ஏலக்காய் மணம் முகத்தில் அடித்ததாம். "உங்க ஊர்ல எல்லார் மேலயும் அந்த மணம்தான், அதனால ஒருத்தருக்கும் தெரியல. நான் வெளியாள் அல்லே? எனக்குத் தெரிஞ்சது" என்றார். அப்படியானால் அன்றைக்கே என் மூஞ்சியில் அடித்த மாதிரிச் சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை, இத்தனை பிள்ளைகள் நின்றபோதாவது சொல்லியிருக்கலாமே என்று அழுதேன். பிறகு, "அவனுக்கு அச்சன் இல்ல. அம்மாவும் இல்லாம ஆக்கணுமா? செலோ போனா வேற வாங்கலாம்னு நினைச்சேன் சேச்சி. அவன் வாசிக்கறதை விட்டுடுவான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். அந்தச் செலோவை ஒட்டிவிட்டார்களாம், ஒரு பெண்பிள்ளை வாசிக்கிறாளாம். பழைய சத்தம் இல்லை, ஆனாலும் வாசிக்கலாம் என்றார். முதல் விரிசலிலேயே எடுத்திருந்தால் சத்தம்கூட மாறியிருக்காதா என்று கேட்டேன். அவர் முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் போட்டு, "பரவால்லம்மா" என்று சொல்லிவிடாதே. நீ எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வாய், சின்ன வயதிலிருந்தே. இது பரவாயில்லை இல்லை. கோபப்படு. நான்கு நாள் பேசாமல் இரு, நான்கு மாதம் வேண்டுமானாலும் இரு. கல்யாணத்தில் நான் மேடையில் நிற்பதா, பின்வரிசையில் உட்காருவதா என்று நீ முடிவு செய், நான் அதன்படி செய்கிறேன். உனக்குக் கொடுக்க என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று, உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது. அடுப்படி ஞாபகத்தைத் தூக்கிப் போட்டுவிடு, அது நடக்கவே இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்த வெள்ளிக்கிழமை காலை நீ பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டுக்கொண்டு, உன் பழைய பனியன் துணியால் செலோவை மேலிருந்து கீழ்வரை துடைத்தாய். தந்திக்கு அடியில் விரல் போகாத இடத்தில்கூட விடாமல் துடைத்தாய். வெளியே முருகேசன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். நீ அவசரப்படவில்லை. துடைத்து முடித்து, இரண்டு கையாலும் தூக்கிவந்து என் கையில் கொடுத்தாய். நான் சரியாகப் பிடித்துவிட்டேனா என்று பார்த்த பிறகுதான் உன் கையை எடுத்தாய். வாசல்வரை ஓடிப்போய், திரும்பி நின்று, "பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாய்.